தொங்கிய கழுத்தும் திருகிய கழுத்தும்

ஒரு கோழிக்கு நோய் வருத்தம் வரப்போகிறது என்பது கோழிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கால்நடை வைத்தியக் கந்தோர் ஒன்றில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். கடைசியில் சரவணையிலிருந்து நெடுந்தீவு வரைக்கும், "ஊசி அக்கா வந்திட்டா" என்று ஆட்கள் கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதற்கு நான் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

ஓய்வுக்குப் பிறகும் கோழிகள் என்னை விடவில்லை. இப்போது அவை போனில் வருகின்றன. கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அனுப்புகிறார்கள். ஊரில் தாய் வளர்க்கும் கோழியைப் பற்றிப் பாரிசில் இருந்து கவலைப்படும் மகன்மாரும் அனுப்புகிறார்கள். "அக்கா, இதுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டு வைபரில் ஒரு படம். படத்தில் கோழி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் படம் எடுத்தால் எந்தக் கோழியும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கும். அது எப்போதிருந்து அப்படி நிற்கிறது, மற்றக் கோழி கிட்டப் போனால் விலகுகிறதா, தண்ணீர்ச் சட்டிக்கு யாரும் கூப்பிடாமல் போகிறதா என்பதையெல்லாம் படம் சொல்லாது. இதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்ப நீங்கள் எப்பிடிப் பாத்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ அக்கா" என்றார்கள். எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்தட்டும். கோழியில் பிழை இருக்காது.

முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. கந்தோரில் ஆள் தேவை என்றார்கள், போனேன். கூட்டினேன், கழுவினேன், ஊசிகளை அவித்தேன், மருந்துப் பெட்டிக்கு ஐஸ் நிரப்பினேன். தடுப்பூசி போடப் போகிறவர்களுக்குக் கோழி பிடித்துக் கொடுத்தேன். பிடித்துக் கொடுக்கிற கைக்குத்தான் கோழியின் சேதி முதலில் வரும். காய்ச்சல்காரக் கோழி இறக்கைக்குக் கீழே சுடும். புழு வைத்த கோழியின் நெஞ்செலும்பு கத்தி முதுகு போல உள்ளங்கையில் குத்தும். சுகமான கோழி திமிறும். திமிறாமல் கையில் வந்து இருக்கிற கோழியைப் பார்த்து, "நல்ல சாதுவான கோழி" என்று வீட்டுக்காரர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம்.

பிறகு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள், சான்றிதழ் தந்தார்கள். அது சுவரில் தொங்குகிறது.

கோழியைப் பார்ப்பதென்றால் விடியக் கூடு திறக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். சுகமானது கதவைத் தள்ளிக்கொண்டு வரும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் பாயும். கடைசியாக வருவது எது, வந்ததும் தீனுக்கு ஓடாமல் வேலியோரம் ஒதுங்குவது எது என்று பார்த்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டியதில் பாதி முடிந்தது. பகல் ஏறிய பிறகு கோழி நடிக்கும். பருந்துக்கும் நாய்க்கும் நடுவில் வாழ்கிற சீவன், தன் பலவீனத்தை யாருக்கும் காட்டாது. ஆள் கிட்டப் போனால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நாலு எட்டு நடக்கும். "இப்பதானே நல்லா நடந்தது" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிக்க முன்னம் செத்துப்போகும்.

அதன் பிறகு கொண்டை. சிவப்பு வெளிறினால் வயிற்றில் புழுவைத் தேடு, இறகுக்குள் உண்ணியைத் தேடு. நீலம் பாரித்தால் மூச்சைக் கவனி. எச்சத்தைப் பார்க்க அருவருக்கிறவர்கள் கோழி வளர்க்கக் கூடாது. அது பச்சைத் தண்ணீராகப் போயிருந்தால் நான் மற்ற எதையும் பார்க்க முன்னம் படலையைச் சாத்தச் சொல்வேன். உள்ளே வந்தது வெளியே போகக் கூடாது. அது பெரும்பாலும் இராணிக்கெட் என்கிற கொள்ளை நோய். மூச்சு இழுக்கும், கழுத்து திருகும், ஒரு வீட்டு வளவில் தொடங்கி ஊரையே துடைத்துவிட்டுப் போகும்.

எல்லாமே கொள்ளை நோய் இல்லை. வேலணையில் ஒரு முதலாளி இருந்தார். தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து, வயது போனதும் ஊரோடு வந்தவர். அவருடைய பேட்டுக்கோழி நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. அவர் அதற்கு வாதம் என்று முடிவெடுத்து, இரண்டு காலுக்கும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு இருந்தார். நான் வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

"முதலாளி, இது வாதமில்லை. முட்டை இறுகி நிக்குது."

"எண்ணெய் பூசினால் கெட்டுப்போகுமோ?"

"பூசின இடம் பிழை."

வெதுவெதுப்பான தண்ணீரில் கோழியை இருத்தி, இடத்தைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் முட்டை வந்தது. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிட்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததை நான் எப்பிடித் தின்னுறது" என்றார். நான் தின்றேன்.

என் டொக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கந்தோருக்குப் பலர் வந்து போனார்கள். "என் டொக்டர்" என்று நான் சொல்வது ஒருவரைத்தான். மெலிந்த மனிதர், குரல் உயராது. ஒரு வளவுக்குள் உடனே போகவே மாட்டார். மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டு, வேலிக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரருக்கு அந்தரமாக இருக்கும்.

"உள்ளுக்கு வாங்கோ ஐயா, கதிரை போட்டிருக்கு."

"வாறன், வாறன். கோழியள் என்னைக் காண முதல் நான் அவையைக் காணவேணும்."

நிற்பார், வெயில் ஏறும், நிற்பார். பிறகு என் பக்கம் திரும்புவார். "சொல்லும்."

ஆரம்பத்தில் நான், "இராணிக்கெட் ஐயா" என்பேன். காது கேளாதவர் மாதிரி வேலியில் ஓடும் ஓணானைப் பார்ப்பார். மறுபடியும் சொன்னால், மறுபடியும் ஓணான். பிறகு மெதுவாக, "பேரை நான் வைப்பன். நீர் கண்டதைச் சொல்லும்" என்பார். எது நிற்கிறது, எது படுத்திருக்கிறது, எது முதலில் விழுந்தது, எது இன்னும் விழவில்லை. கடைசிக் கேள்வியைத்தான் அவர் எப்போதும் அழுத்திக் கேட்பார். எல்லோரும் வருத்தக்காரரைப் பார்க்கிறார்கள், வருத்தம் வராதவரையும் பார்க்கவேணும் என்பது அவருடைய கட்சி.

திரும்பும்போது செருப்பைக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் படலை தாண்டுவார். ஒரு வீட்டில் இதைக் கண்டு கோபித்தார்கள். "ஏன் ஐயா, எங்கடை வளவு அவ்வளவு ஊத்தையோ?" அவர், "இல்லை அம்மா, என்ரை செருப்புத்தான் ஊத்தை. நாலு வளவு உழக்கிப்போட்டு வந்திருக்கு" என்றார். அந்த வீட்டில் பிறகு தேத்தண்ணி கிடைத்தது.

அவர் என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

இனி அந்தக் கிராமத்துக் கதை. ஊர்காவற்றுறைப் பக்கம், கடலோடு ஒட்டிய ஒரு கத்தோலிக்கக் கிராமம். பெயர் எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த திருநாளுக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது. அந்தோனியார் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடி ஏறிவிட்டது. சோளகக் காற்று பேயாக அடித்தது.

காலையில் அந்த ஊர்ப் பிலோமினா எனக்குப் போன் எடுத்தாள். அவளுடைய புருஷன் சூசை, படகை மணலில் ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு அந்த வருஷம் முழுக்கப் படுக்கை. அந்த வீட்டை ஓட்டியது கோழிகள்தான். முட்டை ஊர்காவற்றுறைக் கடைகளுக்குப் போகும், சேவல் திருநாள் காலத்தில் விலைப்படும். கோழி இல்லையென்றால் அந்த வீட்டில் உலை இல்லை.

"அக்கா, கோழியெல்லாம் விழுந்து கிடக்குது. கழுத்து நிக்குதில்லை. மனுவேல் அண்ணை ஆக்கள் சாக்கோடை வந்து நிக்கினம். ஊரிலை உள்ள கோழி முழுக்க அடிச்சுப் புதைக்கப்போகினமாம். என்ரையிலைதான் தொடங்கப்போகினமாம்."

"ஏனாம்?"

"மனுவேல் அண்ணையின்ரை மருமோன் கனடாவிலை இருந்து வீடியோவிலை பாத்தவனாம். பறவைக் காய்ச்சலாம், ஆக்களுக்கும் வருமாம்."

"நான் வருமட்டும் ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதையும்."

"என்ரை சொல்லை ஆர் அக்கா கேக்கினம்."

"என்ரை சொல்லெண்டு சொல்லும்."

ஸ்கூட்டியைப் படலைக்கு வெளியே நிறுத்தினேன். திருநாள் குழுவில் உள்ள ஆண்கள் நாலைந்து பேர் உரச் சாக்குகளோடு நின்றார்கள். நடுவில் மனுவேல் அண்ணை. குழுத் தலைவர், பக்கத்து வளவுக்காரர். ஆள் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. கெட்ட மனிதர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்து இறங்கப்போகிற நேரம். ஒருத்தருக்கு ஏதும் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பயம் முகத்தில் இருந்தது. மருமகனும் பாவம், செய்தியில் கேட்டதைச் சொல்லியிருக்கிறான்.

நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

"என்ன தங்கச்சி, வெளியிலை நிண்டு பாக்க இது என்ன திருநாள் சுற்றுப்பிரகாரமோ?" என்றார் மனுவேல் அண்ணை.

"நீங்கள் சாக்கோடை நிண்டு பாக்கிறியள். நான் சும்மா நிண்டு பாக்கக் கூடாதோ அண்ணை?"

விழுந்து கிடந்தவை எல்லாம் பெரிய கோழிகள். வளவை ஆண்ட சிவப்புச் சேவல், கொழுத்த பேடுகள், எப்போதும் தீனுக்கு முந்துகிறவை. கால்களைப் பின்னுக்கு நீட்டி, கழுத்தை மணலில் போட்டு, சொண்டு மண்ணுக்குள் புதையக் கிடந்தன. சில செத்துவிட்டன. ஒன்றுகூட இருமவில்லை, மூச்சு இழுக்கவில்லை. பருந்துக்குப் பயந்து பனையோலைக் கடகத்தால் மூடி வைத்திருந்த குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

முகத்துக்குத் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சேவலின் கழுத்தைத் தூக்கினேன். இதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்ல வந்த விஷயம், கவனமாக வாசிக்கவும். இராணிக்கெட்டில் கழுத்து திருகும். நேராக்கி விட்டால் கம்பிச்சுருள் போலத் திரும்பவும் திருகும். அதில் ஒரு முறுக்கு இருக்கும். இந்தச் சேவலின் கழுத்தில் முறுக்கே இல்லை. நனைந்த துணியைத் தூக்கினால் எப்படித் தொங்கும், அப்படித் தொங்கியது. கண்ணை உள்தோல் பாதி மூடியிருந்தது. இறகைப் பிடித்து இழுத்தேன், நோகாமல் கழன்று கையோடு வந்தது. எச்சத்தில் பச்சை இல்லை. கொண்டை இன்னும் சிவப்பு.

டொக்டர் அன்று நெடுந்தீவில் இருந்தார். மாட்டுக்குத் தடுப்பூசி போடப் போனவர். காற்றுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து படகு ஓடவில்லை, அவரும் திரும்ப வழி இல்லை. போன் எடுத்தேன். விட்டு விட்டுத்தான் கேட்டது.

"ஐயா, இஞ்சை பறவைக் காய்ச்சலெண்டு..."

"பேர் வேண்டாம். கண்டதைச் சொல்லும்."

சொன்னேன். கழுத்து, கண், இறகு, எச்சம்.

"முதல் விழுந்தது?"

"பெரிசுகள். தீனுக்கு முந்துறவை."

"குஞ்சுகள்?"

"கடகத்துக்குக் கீழை. பசியிலை கத்துதுகள்."

"அடை கிடக்கிறது ஏதும் இருக்கோ?"

அவர் கேட்டு முடிக்க முன்னமே என் கண் குசினிப் பக்கம் போய்விட்டது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். குசினிக்குப் பின்னால் பழைய வலைக் குவியலில் ஒரு கறுப்புப் பேடு முட்டைகளின் மேல் கிடந்தது. அதே வளவு, அதே காற்று, அதே தண்ணீர். நான் குனிந்ததும் உடம்பை ஊதிக்கொண்டு கொர்ரென்று உறுமியது.

"சுகமாக் கிடக்குது ஐயா. எனக்கு ஏசுது."

காற்றுச் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் வந்தது.

"தொத்துறதெண்டால் அதுக்கும் தொத்தியிருக்கும். வெளியிலை திரிஞ்சது எதையோ திண்டிருக்கு. செத்ததிலை ஒண்டைத் திறந்து பாரும். இன்னொண்டை ஐஸ் பெட்டியிலை வையும், பரிசோதனைக்கு அனுப்பவேணும். நான் வருமட்டும் ஒரு கோழியும் வெளியிலை போகக் கூடாது. ஒருத்தரும் தின்னக் கூடாது. ஒருத்தரும் கொல்லவும் கூடாது. நான் சொன்னதெண்டு சொல்லும்."

எல்லோரும் பார்க்கத்தக்கதாக ஒரு சாக்கை விரித்து, செத்த பேடு ஒன்றின் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் திறந்தேன். உள்ளே தவிடும் இல்லை, புல்லும் இல்லை. வெள்ளைப் புழு. கை நிறைய அள்ளலாம் போல. இடையில் மீன் செதிலும், பூ என்கிற செவுளும்.

மீன் குடல் வெக்கையில் அழுகும்போது ஒரு நஞ்சு ஊறும். அதைத் தின்கிற புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. புழுவைத் தின்கிற கோழிக்குக் கால் சோரும், பிறகு இறக்கை, பிறகு கழுத்து. கோழிக்குக் கோழி தொற்றாது. பிறகு பரிசோதனையில் வந்த முடிவும் பறவைக் காய்ச்சல் இல்லை, இராணிக்கெட்டும் இல்லை என்றுதான் சொன்னது. அன்றைக்கு எனக்கு அந்தப் புழு போதுமாக இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மற்ற நாட்களில் மீன் கழிவைக் கோயிலுக்கு முன்னால் உள்ள கரையில்தான் கொட்டுவார்கள். காகமும் நாயும் அலையும் அதைத் துப்புரவாக்கிவிடும். கொடி ஏறினால் அந்தக் கரை கோயிலின் முற்றம். கூட்டி, வெள்ளை மணல் பரப்பி, ஒரு செதில் கிடக்க விடமாட்டார்கள். கழிவைப் படகில் ஏற்றித் தூரக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதாகக் கொடியேற்றத்தன்று சுவாமியாருக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வாக்குக் கொடுப்பார்கள். அந்த முறை சோளகம் சிறு படகுகளை வெளியே விடவில்லை. கரைக்குக் கிட்ட வலை போட்டு மீன் மட்டும் பிடித்தார்கள்.

"குடலை எங்கை கொட்டினியள்?" என்று கேட்டேன்.

"கடலிலை" என்றார் ஒருவர்.

"கடலிலைதான்" என்றாள் வேலிக்கு அங்காலே நின்ற ஒரு பெண். அவளை நான் கேட்கவே இல்லை.

"அந்தோனியார் அறிய, கடலிலைதான் அக்கா" என்றார் இன்னொருவர்.

அந்தோனியாருக்குத் திருநாள் வேலையோடு இதையும் அறிய வேண்டியிருந்தது. மனுவேல் அண்ணை சாக்கை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். எனக்கு மூக்கு இருக்கிறது. காற்று எந்த வளவிலிருந்து வருகிறது என்றும் தெரியும். ஆனால் சுவாமியாருக்குக் கொடுத்த வாக்கை ஊருக்கு முன்னால் உடைத்துக் காட்டினால், அந்த மனிதர் திருநாளுக்கு அந்தோனியாரின் சுருபக் கூட்டைத் தோளில் தூக்க மாட்டார், எனக்கும் ஒரு உதவியும் செய்ய மாட்டார். எனக்கு அப்போது ஆட்கள் தேவையாக இருந்தது.

"புழுவோ காய்ச்சலோ, சனம் வர முதல் கோழி இருக்கக் கூடாது" என்றார் அவர். "நாளைக்கு ஒருத்தருக்குக் காய்ஞ்சால் நீர் வந்து பதில் சொல்லுவீரோ?"

"ஓம், நான் சொல்லுவன்."

"டொக்டர் சொல்லட்டும்."

"டொக்டர் சொல்லித்தான் கொல்ல வேண்டாமெண்டுறன். நம்பிக்கை இல்லையெண்டால் நாளைக்கு விடியக் கூடு திறக்கிற நேரம் வாங்கோ. அதுக்குள்ளை ஒரு கோழியாவது தன்ரை கழுத்தைத் தானே தூக்காட்டில், நானே சாக்குப் பிடிக்கிறன்."

பிலோமினா என்னைப் பார்த்தாள். அவளுடைய உலையை வைத்து நான் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் என் கை தொட்டுப் பார்த்ததை நான் நம்பினேன்.

"சரி" என்றார் மனுவேல் அண்ணை. "விடியுமட்டும்."

"அப்ப ஏன் நிக்கிறியள்? இருங்கோ. ஆளுக்கொரு கோழி."

கழுத்து நிற்காத கோழிக்குத் தண்ணீர் பருக்குவது சின்ன வேலை இல்லை. சட்டியைக் கிட்ட வைத்தால் தலை விழுந்து அதற்குள்ளேயே மூழ்கிச் சாகும். வாய்க்குள் ஊற்றினால் சுவாசக் குழாய்க்குள் போகும். ஒரு கையால் தலையை ஏந்தி, சொண்டின் ஓரத்தில் துளித் துளியாக விட்டு, தொண்டை அசைகிறதா என்று பார்த்து அடுத்த துளி விடவேண்டும். பிலோமினா பனங்கட்டியைக் கரைத்து வடித்தாள், வயிற்றில் இருப்பது கழுவிப் போகட்டும் என்று. தடுப்பு மருந்து விடும் துளிக்குழாய்கள் என் பெட்டியில் இருந்தன. பூவரச நிழலில் குழுக்காரர் வரிசையாகச் சப்பாணி கட்டி உட்கார்ந்து, கையில் பொலித்தீன் பைகளை மாட்டிக்கொண்டு, கொல்ல வந்த கோழிகளை மடியில் வைத்துத் தலையை ஏந்திக்கொண்டிருந்தார்கள்.

"குழுக் கூட்டத்துக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை" என்றாள் பிலோமினா.

"தலைவருக்குப் பிள்ளை வளத்துப் பழக்கமில்லை, பாருங்கோ பிடிக்கிற பிடியை" என்றார் ஒருவர்.

"வாயை மூடிக்கொண்டு உம்மடை கோழிக்குத் தண்ணியை விடும்" என்றார் மனுவேல் அண்ணை.

வீட்டுக்குள்ளிருந்து சூசையின் குரல் கேட்டது. "எனக்கும் ஒண்டைக் கொண்டாருங்கோ. இடுப்புத்தான் ஏலாது. கை ரெண்டும் சும்மாதான் கிடக்குது."

சிவப்புச் சேவலைக் கொண்டுபோய் அவனுடைய நெஞ்சில் வைத்தேன். நேரம் ஆக ஆக அயல் வளவுகளில் விழுந்தவையும் வந்து சேர்ந்தன. பொழுது பட, பழைய வலைகளைச் சுருட்டித் தலையணை செய்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் அதில் தாங்கி வைத்துவிட்டு ஆட்களை அனுப்பினேன்.

விடியப் பார்த்தபோது சில செத்திருந்தன. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன். நஞ்சு நெஞ்சுக்கு ஏறியவற்றை என்னாலும் மறிக்க முடியாது. மற்றவை கிடந்தபடி கிடந்தன. பிலோமினா பனங்கட்டி கரைத்துக்கொண்டிருந்தாள்.

மனுவேல் அண்ணை பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டியோடு வந்தார். சாக்கு கையில் இருந்தது. அதை வேலியில் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே பூவரசுக்குக் கீழே இருந்து, முதல்நாள் தான் ஏந்திய பேட்டை மடியில் எடுத்தார். துளித் துளியாக விட்டார். குழுக்காரர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, இருக்காமல் சுற்றி நின்றார்கள். கோயில் மணி அடித்தது. அவர் எழும்பவில்லை.

அந்தப் பேட்டின் கழுத்து அவருடைய கையை விட்டு ஒரு விரல் அளவுக்கு உயர்ந்தது. ஆடியது. விழப்போகிறது என்று அவர் கையைக் கிட்டக் கொண்டுபோனார். விழவில்லை. கண்ணின் உள்தோல் பின்வாங்கியது. அது அவரை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலில் ஓங்கிக் கொத்தியது.

"நொந்துதோ அண்ணை?" என்றேன்.

"நொந்தது" என்றார். "நல்லா நொந்தது." சொல்லும்போது அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

வீட்டுக்குள் சூசை, "சேவல் என்ரை நெஞ்சிலை எச்சம் போட்டிட்டுது, ஆராவது வாங்கோ" என்றான். பிலோமினா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இனி எழும்பினதுகளை வெளியிலை விடலாமோ அக்கா?"

"விட்டால் திரும்ப அங்கைதான் போகும். புழு எங்கை கிடக்கெண்டு தெரியாமல் விட ஏலாது. மூடி வைச்சு எத்தினை நாளைக்குத் தீன் போடுவீர்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கோழியைப் பார்த்தார்கள்.

மனுவேல் அண்ணை பேட்டைத் தூக்கிப் பிலோமினாவின் கையில் கொடுத்தார். எழும்பி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மண்வெட்டி இருக்கோ பிள்ளை?"

அவள் குசினிச் சுவரைக் காட்டினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு, வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் குனிந்து, தன்னுடைய வளவின் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் மண் வெட்டும் சத்தம் கேட்டது, கூடவே அழுகிய மீன் குடலைக் கிளறிய நாற்றமும் வந்தது. நின்ற மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கோயில் பக்கம் ஒருவரும் போகவில்லை. பிறகு முன்வீட்டுப் பின்வளவிலிருந்து ஒரு சத்தம், அதற்கு அங்காலே இன்னொன்று, கரையோரமாக இன்னொன்று. ஊர் முழுக்க மண் வெட்டிக்கொண்டிருந்தது.

பிலோமினா பேட்டை அணைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"எப்ப அக்கா திறக்கிறது?"

"சத்தம் நிண்டாப் பிறகு திறவும்" என்றேன்.